கர்த்தரிடத்தில் விசாரிப்பது எப்படி? தாவீதின் வாழ்க்கையை வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாமுவேலின் இரண்டு புத்தகங்களையும் வேதபாடக் குழுவில் வாசிக்கும்போது, தாவீது "கர்த்தரிடத்தில் விசாரித்தான்" என்ற வரி வந்ததும் பாடம் அங்கேயே நின்றுவிடும். வேலை, கல்யாணம், வீடு, வெளிநாடு, ஊழியம் என்று அவரவர் மனதில் கிடக்கும் காரியம் கேள்வியாக எழும்பும். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எல்லாத்துக்குமே ஆண்டவர்கிட்ட கேட்டுத்தான் செய்யணுமா? காய்கறி வாங்குறதுக்குமா?

தாவீது எதற்கெல்லாம் விசாரித்தான் என்று பாருங்கள். கேகிலா ஊரைக் காப்பாற்றப் போகலாமா (1 சாமுவேல் 23), கொள்ளைக்காரரைப் பின்தொடரலாமா (1 சாமுவேல் 30), யூதாவின் எந்த ஊரில் குடியேறுவது (2 சாமுவேல் 2), மூன்று வருஷப் பஞ்சத்துக்கு என்ன காரணம் (2 சாமுவேல் 21). ஒவ்வொன்றிலும் அவனோடிருந்தவர்களின் உயிரும் குடும்பமும் சம்பந்தப்பட்டிருந்தன. அன்றைக்கு எந்த ஆட்டை அடிப்பது என்று அவன் கேட்டதாக எங்கும் இல்லை.

ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதை மறுபடி கேட்க வேண்டியதில்லை. பரிசுத்தமாக வாழ்வது தேவனுடைய சித்தம் என்று 1 தெசலோனிக்கேயர் 4:3 நேரடியாகவே சொல்கிறது. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது அவருடைய சித்தம் என்று அதே நிருபத்தின் 5:18 சொல்கிறது. பொய்க்கணக்கு எழுதலாமா, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று உபவாசமிருந்து கேட்பது வீண். வசனம் நேரடியாகப் பேசாத, ஆனால் விளைவு பெரிதாக இருக்கிற முடிவுகளுக்குத்தான் விசாரிப்பு. மற்றவை அவர் கொடுத்த புத்தியால் செய்யவேண்டியவை.

தாவீது எப்படிக் கேட்டான்? காதுல குரல் கேட்டதா?

தாவீதைத் துரத்திய சவுல் ராஜா நோப் பட்டணத்து ஆசாரியர் 85 பேரைக் கொல்லச் செய்தபோது தப்பிவந்த ஒருவன் அபியத்தார். அவன் வரும்போது ஆசாரியரின் உடையான ஏபோத்தைக் கையில் கொண்டுவந்தான் (1 சாமுவேல் 23:6). பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்தில், தேவனிடம் விசாரிக்கப் பயன்பட்ட ஊரீம், தும்மீம் வைக்கப்பட வேண்டும் என்பது யாத்திராகமம் 28:30-இல் இருக்கிறது. ஆசாரியன் ஊரீமின் மூலம் தலைவனுக்காக விசாரிக்கும் முறை எண்ணாகமம் 27:21-இல் இருக்கிறது. அது எந்த விதத்தில் பதில் காட்டியது என்று வேதம் விளக்கவில்லை. அதைப் பற்றிக் கற்பனையாகச் சொல்லப்படுகிறவற்றின்மேல் எதையும் கட்டாதீர்கள்.

நமக்குப் பயன்படுவது அவன் கேட்ட விதம். அவன் கேள்விகள் சிறியவை, பெயர் சொல்லிக் கேட்கப்பட்டவை. "யூதாவின் பட்டணங்கள் ஒன்றுக்குப் போகலாமா?" போ என்ற பதில் வந்ததும் "எதற்கு?" என்கிறான், எப்ரோன் என்று பதில் வருகிறது. கேகிலாவில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டான்: ஊரார் என்னைச் சவுலிடம் ஒப்புக்கொடுப்பார்களா, சவுல் வருவானா? சவுல் வருவான் என்ற பதில் மட்டும் வந்தது. விட்டுப்போன கேள்வியை மறுபடி எடுத்துத் தனியாகக் கேட்டான். "ஆண்டவரே, என்னை நடத்தும்" என்று பொதுவாகச் சொல்லி எழுந்துவிடுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இப்போ ஏபோத்து இல்லையே. நாங்க என்னதான் செய்றது? வரிசையா சொல்லுங்க.

முதலில் கேள்வியை ஒரே வாக்கியமாக, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். "என் எதிர்காலம் என்ன?" என்பது கேள்வியாகாது. "கோயம்புத்தூரில் கிடைத்திருக்கிற இந்த வேலையை ஏற்றுக்கொள்ளலாமா?" என்பது கேள்வி. இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருந்தால் தாவீது செய்தது போலப் பிரியுங்கள். அடுத்து, இந்தக் காரியத்தில் ஏதாவது ஒரு பகுதி ஏற்கெனவே எழுதப்பட்ட கட்டளையை மீறுகிறதா என்று பாருங்கள். மீறினால் அங்கேயே முடிந்தது. மீறவில்லையென்றால் உண்மைகளைத் திரட்டுங்கள்: சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வயதான பெற்றோரை யார் பார்ப்பார்கள், போகிற இடத்தில் சபை இருக்கிறதா. விவரம் தெரியாமல் ஜெபிப்பது ஆவிக்குரிய காரியம் என்று பலர் எண்ணுகிறார்கள். தாவீது குடியிருந்த சிக்லாக் ஊரைக் கொள்ளையடித்த அமலேக்கியரைப் பின்தொடரச் சொன்னவர் கர்த்தர்தான்; ஆனால் அவர்கள் எங்கே என்று காட்டியது வழியில் பட்டினியாகக் கிடந்த ஒரு எகிப்திய வாலிபன். அவனுக்கு அப்பமும் தண்ணீரும் அத்திப்பழ அடையும் கொடுத்துத் தேற்றி, விசாரித்துத்தான் தாவீது வழி தெரிந்துகொண்டான்.

பிறகு தினமும் ஒரே நேரத்தில் இருபது நிமிஷமாவது அந்த ஒரு கேள்வியோடு உட்காருங்கள். வேதத்தை வழக்கமாக வாசிக்கும் வரிசையிலேயே வாசியுங்கள்; உங்களுக்குச் சாதகமான வசனத்தைத் தேடிப் புரட்டாதீர்கள். ஞானம் குறைவுள்ளவன் கேட்கட்டும் என்று யாக்கோபு 1:5 சொல்கிறது. அங்கே ஞானம் என்பது நிதானித்து அறியும் தெளிவு. அந்தத் தெளிவு பெரும்பாலும் சத்தமில்லாமல், சில நாட்களில் மெல்ல மெல்ல வருகிறது. தோன்றுவதைத் தேதியோடு எழுதி வையுங்கள், மாறி மாறித் தோன்றினாலும் எழுதுங்கள்.

கடைசியாக, இரண்டு அல்லது மூன்று முதிர்ந்த விசுவாசிகளிடம் முழு விவரத்தையும் சொல்லுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லத் துணிவுள்ளவராக இருக்கட்டும். எப்போதும் ஆமென் போடுகிறவரிடம் மட்டும் கேட்டால் உங்கள் ஆசையைத்தான் அவர் வாயால் கேட்பீர்கள்.

எத்தனை நாள் காத்திருக்கணும்? கம்பெனிக்காரன் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்றான்.

இதற்கு அளவு கிடையாது. சிக்லாகில் தாவீதுக்குப் பதில் உடனே வந்தது. எரேமியா மக்களுக்காக விண்ணப்பம்பண்ணினபோது பத்து நாள் கழித்தே கர்த்தருடைய வார்த்தை வந்தது (எரேமியா 42:7). தீர்க்கதரிசிக்கே பத்து நாள்.

கெடு இருந்தால் அதையும் ஜெபத்தில் சொல்லுங்கள். அவகாசம் கேட்க முடிந்தால் தயங்காமல் கேளுங்கள். பயத்தால் கெடுவுக்கு முன்பே கைவைப்பதுதான் ஆபத்து. சாமுவேல் தீர்க்கதரிசி சவுலை ஏழு நாள் காத்திருக்கச் சொல்லியிருந்தான். ஜனங்கள் சிதறிப்போவதைக் கண்ட சவுல், ஏழாம் நாளில் தானே பலியிட்டான். பலியிட்டு முடித்தவுடன் சாமுவேல் வந்து நின்றான் (1 சாமுவேல் 13). சவுல் ஏறக்குறைய முழுவதும் காத்திருந்தான், கடைசி மணி நேரம் மட்டும் பொறுக்கவில்லை. இன்னொரு பக்கம், பதில் தெளிவாகத் தெரிந்த பிறகும் "இன்னும் ஜெபிக்கிறேன்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அது காத்திருப்பு ஆகாது.

புது வருஷ ஆராதனையில வாக்குத்தத்த வசனம் எடுத்தேன். அதை வச்சு முடிவு பண்ணலாமா? வேதத்தைத் திறந்து விரல் வச்சுப் பார்க்கலாமா?

டிசம்பர் 31 இரவு எடுக்கும் வாக்குத்தத்த அட்டை வருஷம் முழுக்கத் தியானிக்க நல்லது. அதை வைத்து நிலம் வாங்குவது, வேலையை விடுவது வேண்டாம். அட்டையில் அதிகம் அச்சாகும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் நிறைவேறின பிறகே திரும்புவீர்கள் என்கிறது. அதற்கும் முன்னால் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. "சீக்கிரம் விடுதலை" என்று ஆசைப்பட்டவர்களுக்கு எதிராகச் சொல்லப்பட்ட ஆறுதல் அது.

விரல் வைத்துப் பார்ப்பதில் வசனத்தின் அர்த்தம் போய், வசனம் சீட்டாகிவிடுகிறது. சீட்டுப் போடுவது வேதத்தில் உண்டே என்பார்கள். உண்டுதான், அப்போஸ்தலர் 1-இல் மத்தியா அப்படித் தெரிந்தெடுக்கப்பட்டான். அப்போதும் முதலில் தகுதியை வரையறுத்து, இரண்டு பேரை நிறுத்தி, ஜெபித்த பிறகே சீட்டு விழுந்தது. அடுத்த அதிகாரத்தில் ஆவியானவர் ஊற்றப்பட்ட பிறகு, சபை சீட்டுப் போட்டு முடிவெடுத்ததாக ஒரு இடத்திலும் எழுதப்படவில்லை.

கிதியோன் மாதிரி ஒரு அடையாளம் கேட்டா தப்பா?

கிதியோன் அடையாளம் கேட்டு மயிருள்ள தோலைக் களத்தில் போடுவதற்கு முன்பே கர்த்தர் தெளிவாகச் சொல்லியிருந்தார் (நியாயாதிபதிகள் 6:14). "நீர் சொன்னபடி" என்று அவனே ஒத்துக்கொண்டுதான் கேட்கிறான். ஆகவே சித்தத்தை அறிவதற்காக அவன் அதைக் கேட்கவில்லை. அவனுடைய பயத்துக்குத் தேவன் இரங்கினார். "நாளைக்கு மழை பெய்தால் சம்மதம்" என்று நாம் வைக்கும் அடையாளம் மழைக்காலத்தில் எதையும் நிரூபிக்காது.

எனக்கு மனசுல சமாதானம் இருக்கு. அதுவே போதாதா?

யோனா தேவனை விட்டு ஓடும் கப்பலில் அயர்ந்து தூங்கினான். நம் ஆண்டவரோ பிதாவின் சித்தத்தின் நடுவில் நின்றுகொண்டு கெத்செமனேயில் வியாகுலப்பட்டார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மன அமைதி மட்டும் சாட்சியாகாது என்பது தெரியும். தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது என்ற கொலோசெயர் 3:15, மன்னித்துத் தாங்கி ஒரே சரீரமாக வாழ்வதைப் பற்றிய பகுதியில் வருகிறது.

சமாதானத்தை ஒதுக்கவும் வேண்டாம். எழுதப்பட்ட வசனம், திரட்டிய உண்மைகள், முதிர்ந்தவர்களின் ஆலோசனை இவற்றோடு சேர்ந்து வரும்போது அது நல்ல துணை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: முடிவெடுத்த அலுப்பு தீர்ந்ததால் வரும் நிம்மதியும் சமாதானம் போலவே இருக்கும். இரண்டு வாரம் கழித்தும் நிற்கிறதா என்று பாருங்கள்.

வெளியூர்ல இருந்து வந்த ஊழியர் என் தலையில கை வச்சு "உனக்கு வெளிநாட்டு வேலை"ன்னு தீர்க்கதரிசனம் சொன்னார். நம்பலாமா?

நாத்தான் உண்மையான தீர்க்கதரிசி. ஆலயம் கட்ட வேண்டும் என்று தாவீது சொன்னபோது, "உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார்" என்ற கருத்தில் உடனே பதில் சொல்லிவிட்டான். அன்று ராத்திரியே கர்த்தர் அவனைத் திருத்தினார். கட்டப்போவது உன் குமாரன் என்றார். மறுபடி ராஜாவிடம் போய் அதை அப்படியே சொல்ல நாத்தான் வெட்கப்படவில்லை (2 சாமுவேல் 7). நல்ல ஊழியரும் நல்லெண்ணத்தில் அவசரப்படலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை. யுத்தத்துக்குப் போகலாமா என்று கேட்ட ஆகாப் ராஜாவுக்கு முன்னால் ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் "போம், ஜெயம்" என்றார்கள். மிகாயா ஒருவன் மட்டும் வேறு சொன்னான், அவன் சொன்னதே நடந்தது (1 இராஜாக்கள் 22). எண்ணிக்கையும் சாட்சியாகாது.

எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்கிறது 1 தெசலோனிக்கேயர் 5:21. சொன்னதை வார்த்தை மாறாமல் அன்றைக்கே எழுதுங்கள். உள்ளூர்ப் போதகரிடம் காட்டுங்கள். மேலே வரிசையாகச் சொன்ன விசாரிப்பை அதற்கும் செய்யுங்கள். காணிக்கையோடு கட்டிப் பேசப்பட்டால், "யாரிடமும் சொல்லாதே" என்றால், "இந்த மாதமே" என்று நெருக்கினால், ஒதுங்குங்கள். ஏஜென்டுக்குப் பணம் கட்ட நகையை அடகு வைப்பதற்கு ஒரு தீர்க்கதரிசனம் ஆதாரமாகக்கூடாது. "நீதான் என் மனைவி என்று ஆண்டவர் எனக்குச் சொன்னார்" என்று யாராவது வந்தால், அது உங்களுக்கும் சொல்லப்படும்வரை உங்களைக் கட்டாது, பயமில்லாமல் மறுக்கலாம்.

சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அதன் பொருள் வேறாக இருக்கலாம். எருசலேமில் பவுலைக் கட்டுவார்கள் என்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னான். கூட இருந்தவர்கள் "போகவேண்டாம்" என்று அழுதார்கள். பவுல் அதையே கேட்டுக்கொண்டு, போனான் (அப்போஸ்தலர் 21). வரப்போவதைச் சொன்ன வார்த்தையைப் போகாதே என்ற கட்டளையாக மாற்றியது நண்பர்களின் அன்பு.

போன தடவை ஜெபிச்சுத்தான் இறங்கினோம், ஆண்டவர் ஜெயம் கொடுத்தார். அதே மாதிரி திரும்ப செஞ்சா போதும்தானே?

இந்தப் பக்கத்தில் எதைத் தவறவிட்டாலும் 2 சாமுவேல் 5:17-25-ஐ மட்டும் நிதானமாக வாசியுங்கள். பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். தாவீது விசாரித்தான், போ என்றார். நேராகப் போய் முறியடித்தான். அந்த இடத்துக்குப் பாகால்பிராசீம் என்று பெயர் வந்தது. கொஞ்ச காலத்தில் அதே எதிரி, அதே பள்ளத்தாக்கில் மறுபடி இறங்கினான். எந்தத் தளபதியும் முந்தின திட்டத்தையே எடுப்பான். தாவீது மறுபடி விசாரித்தான். பதில் தலைகீழாக வந்தது: நேராய்ப் போகாதே, பின்னாலே சுற்றிப்போய் முசுக்கட்டைச் செடிகளுக்கு எதிரே நில், செடிகளின் நுனியில் நடக்கிற இரைச்சல் கேட்கும்போது புறப்படு. முதல் தடவை கேட்டதை வைத்து இரண்டாம் தடவை நேராகப் போயிருந்தால் அவன் பழைய கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, புதிய கட்டளையை மீறியிருப்பான்.

ஜெயத்துக்குப் பிறகு தடுமாறுவது எப்படி என்று யோசுவா 7 காட்டுகிறது. எரிகோ விழுந்த கையோடு ஆயியை வேவு பார்த்தவர்கள் "இரண்டாயிரம் மூவாயிரம் பேர் போதும்" என்றார்கள். விசாரித்ததாக ஒரு வரியும் இல்லை. ஏறக்குறைய 3000 பேர் போனார்கள், 36 பேர் செத்தார்கள், மற்றவர்கள் ஓடிவந்தார்கள். எரிகோவில் திருடியதை ஆகான் பாளயத்துக்குள் ஒளித்துவைத்திருந்தது தோல்விக்குப் பிறகே வெளிவந்தது. முன்பே கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்காதா? இரண்டு அதிகாரம் கழித்து, காய்ந்த அப்பத்தையும் கிழிந்த திராட்சரசத் துருத்தியையும் காட்டி தூரதேசத்தார் போல நடித்து கிபியோனியர் ஏமாற்றி ஆணை வாங்கியபோதும் அதே குறைதான். கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்ததால் கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை.

நெருக்கத்தில் நமக்குத் தேவை புரிகிறது, ஜெபம் தானாக வருகிறது. ஜெயித்த பிறகு அனுபவம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தொழில் ஒரு கிளையில் நன்றாக ஓடியது, இரண்டாவது கிளை. ஒரு கூட்டம் ஆசீர்வாதமாக முடிந்தது, அடுத்த ஊரில் அதே கூட்டம். இரண்டாவதற்கும் நோட்டில் புதிய பக்கம் திருப்பி, புதிய தேதி போட்டு, முதல் தடவை கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். "ஆம்" என்று வந்தாலும் "எப்படி" என்று தனியாகக் கேளுங்கள்.

நல்ல நோக்கத்தோடதானே செஞ்சோம், ஊழியத்துக்குத்தானே செஞ்சோம். ஏன் இப்படி ஆச்சு?

உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவரத் தாவீது ஆயிரம்பேருக்குத் தலைவரோடும் நூறுபேருக்குத் தலைவரோடும் ஆலோசித்தான் (1 நாளாகமம் 13:1). தெரிந்துகொள்ளப்பட்ட 30,000 பேரைக் கூட்டினான். புது ரதம், ஆடல்பாடல் எல்லாம் இருந்தது. ரதத்தில் ஏற்றும் முறை பெலிஸ்தர் பெட்டியைத் திருப்பி அனுப்பியபோது செய்தது (1 சாமுவேல் 6). லேவியரில் கோகாத் புத்திரர் தோளில் சுமக்க வேண்டும் என்று எண்ணாகமம் 7:9-இல் எழுதப்பட்டிருந்ததை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. மாடுகள் மிரண்டன, பெட்டியைப் பிடிக்க ஊசா கைநீட்டினான், செத்தான்.

பெட்டி ஓபேத்ஏதோம் வீட்டில் மூன்று மாதம் இருந்தது. அதன் பிறகு தாவீது லேவியரை அழைத்து, நாம் அவரை நியாயமானபடி தேடவில்லை என்று ஒத்துக்கொண்டு (1 நாளாகமம் 15:13), தோளில் சுமக்கவைத்துக் கொண்டுவந்தான். நோக்கத்தை அவன் கைவிடவில்லை, முறையைத் திருத்தினான். உங்கள் காரியம் இடறியிருந்தால் அதையே முதலில் பாருங்கள்: இந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே எழுதப்பட்ட முறை ஏதாவது இருந்ததா, அதைவிட்டு வேறு யாரிடமிருந்தாவது பார்த்துச் செய்தோமா?

கீழ்ப்படிஞ்சேன், ஆனா கஷ்டம்தான் அதிகமாச்சு. தப்பா கேட்டுட்டேனோ?

கேகிலாவை நினைத்துப்பாருங்கள். "இங்கேயே பயப்படுகிறோம்" என்று கூட இருந்தவர்கள் சொன்னதால் இரண்டாம் தடவையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போனான், ஊரைக் காப்பாற்றினான். காப்பாற்றப்பட்ட அதே ஊரார் அவனைச் சவுலிடம் ஒப்புக்கொடுக்க இருந்தார்கள். போனது தவறா? இல்லை. அங்கேயே தங்கியிருந்தால் தவறாகியிருக்கும். கர்த்தர் போகச் சொன்னது உண்மை, அங்கே தங்கச் சொல்லவில்லை. பவுலை ஆவியானவர் ஆசியாவிலும் பித்தினியாவிலும் தடுத்து, மக்கெதோனியாவுக்கு நடத்தினார். போன இடத்தில் அடி விழுந்தது, பிலிப்பி சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டன. அதே ராத்திரியில் சிறைச்சாலைக்காரன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான் (அப்போஸ்தலர் 16).

கஷ்டம் வந்ததும் நோட்டைத் திறந்து, நீங்கள் கேட்ட கேள்வி சரியாக என்ன, கிடைத்த தெளிவு எதுவரை என்று பாருங்கள். அதற்கு மேல் நீங்களாக நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை என்றால், தெளிவாகச் சொல்லப்பட்ட வேலையில் நில்லுங்கள், அடுத்த அடிக்கு மறுபடி கேளுங்கள். ஆனால் யாராவது உங்களை அடிக்கிறார்கள், துன்புறுத்துகிறார்கள் என்றால், அதைக் கீழ்ப்படிதலின் பாடு என்று பேர் வைத்துப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். சவுலின் ஈட்டி சுவரில் பட்டபோது தாவீது விலகி ஓடினான்.

கேட்காமலே முடிவெடுத்துட்டேன். இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

1 சாமுவேல் 27-ஐத் திறந்தால் முதல் வசனத்தில் தாவீது தன் இருதயத்தில் யோசிக்கிறான்: சவுல் கையில் என்றைக்காவது மடிந்துபோவேன், பெலிஸ்தர் தேசத்துக்குப் போவதே நல்லது. விசாரித்ததாக இல்லை. பெலிஸ்தர் நாட்டில் ஒரு வருஷமும் நாலு மாதமும் இருந்தான். பெலிஸ்த ராஜாவான ஆகீசிடம் பொய்க்குமேல் பொய் சொல்ல வேண்டிவந்தது; கடைசியில் தன் சொந்த ஜனத்துக்கு எதிராக யுத்தத்துக்கே புறப்படும் நிலை. அதிலிருந்து தப்பித் திரும்பினால் சிக்லாக் எரிந்து கிடக்கிறது, மனைவி பிள்ளைகள் சிறைபிடிக்கப்பட்டிருக்கிறார்கள், கூட இருந்தவர்கள் கல்லெறியப் பேசுகிறார்கள். அங்கேதான் "தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்" என்ற வரி வருகிறது. அடுத்த வசனத்தில் ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்கிறான். பதினாறு மாதம் கேட்கவில்லையே, இப்போது எந்த முகத்தோடு கேட்பது என்று அவன் நிற்கவில்லை. கர்த்தரும் பழையதைச் சொல்லிக்காட்டாமல் பதில் கொடுத்தார்: பின்தொடர், சகலத்தையும் திருப்பிக்கொள்வாய். 600 பேரில் களைத்துப்போன 200 பேரைப் பேசோர் ஆற்றண்டையில் விட்டு, 400 பேரோடு போய் அப்படியே மீட்டான்.

எல்லா முடிவையும் திருப்ப முடியாது என்பதும் உண்மை. கிபியோனியருக்குக் கொடுத்த ஆணை ஏமாற்றிப் பெறப்பட்டதுதான், ஆனாலும் இஸ்ரவேல் அதைக் காக்க வேண்டியிருந்தது. பிற்பாடு சவுல் அதை மீறியதே மேலே சொன்ன மூன்று வருஷப் பஞ்சத்துக்குக் காரணமாயிற்று. அதனால் கேட்காமல் செய்த கல்யாணத்தை "தேவ சித்தம் இல்லை" என்று முறிக்கக்கூடாது. கேட்காமல் வாங்கிய கடனை அடைக்க வேண்டும். கொடுத்த வார்த்தைக்குள் இருந்துகொண்டே, இன்றைய தேதியில் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

மாசக்கணக்கா கேட்கிறேன், பதிலே இல்லை.

சவுலுக்குச் சொப்பனத்திலும் ஊரீமிலும் தீர்க்கதரிசிகளாலும் பதில் வரவில்லை (1 சாமுவேல் 28:6). அவன் கடைசியாகத் தெளிவாகக் கேட்ட கட்டளை அமலேக்கைப் பற்றியது. அதை அரைகுறையாகச் செய்து, பிறகு சாக்குச் சொன்னான். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும்" உத்தமம் என்ற வார்த்தை அப்போதுதான் வந்தது. ஆகையால் கடைசியாகத் தெளிவாகத் தெரிந்தது என்ன, அதைச் செய்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். மன்னிக்க வேண்டியவர், திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று ஏதாவது பாக்கி நிற்கும்.

பாக்கி எதுவும் இல்லாமலும் மௌனம் வரும். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறது, அங்கே பாவ அறிக்கை எதுவும் இல்லை. பதில் வராதவர்களையெல்லாம் "உங்களில் ஏதோ மறைவான பாவம்" என்று குற்றப்படுத்துவது கொடுமை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டான், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பதே பதில். ஒருவேளை உங்களுக்கும் "இல்லை" என்ற பதில் வந்திருக்கலாம், அது பதிலாகத் தோன்றாமல் இருக்கலாம்.

ஏற்கெனவே முடிவு பண்ணிட்டு, சும்மா பேருக்கு ஜெபிக்கிறேனோன்னு உறுத்துது.

உறுத்துவது நல்லது. எரேமியா 42-இல், பாபிலோனுக்குச் சிறைபோகாமல் யூதாவில் மீதியான ஜனங்கள் "நன்மையானாலும் தீமையானாலும்" கேட்போம் என்று சத்தியம் பண்ணினார்கள். முந்தின அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் பாருங்கள்: கேட்பதற்கு முன்பே எகிப்துக்குப் போகிற வழியில் பெத்லெகேமுக்கு அருகே தங்கியிருந்தார்கள். யூதாவிலேயே தங்குங்கள் என்று பதில் வந்ததும் எரேமியாவைப் பார்த்து "நீ பொய் சொல்லுகிறாய்" என்றார்கள். நீங்களும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ராஜினாமா அனுப்பிவிட்டு கேட்கிறீர்களா என்று பாருங்கள். பிறகு நோட்டில் எழுதுங்கள்: "வேண்டாம் என்று தெரிந்தால் திங்கட்கிழமை நான் செய்யப்போவது இது." அந்த வரியை எழுதக் கை வரவில்லையென்றால், அந்த விருப்பத்தைப் பற்றியே முதலில் ஜெபியுங்கள்.

வீட்டுல பார்க்கிற வரன் ஒண்ணு, என் மனசுல வேற ஒருத்தர். பெத்தவங்க சொல்றதுதான் தேவ சித்தமா?

பெற்றோரைக் கனம்பண்ணுவது கட்டளை. அவர்களுடைய எதிர்ப்புக்கான காரணத்தைக் குறுக்கிடாமல் கேளுங்கள். நீங்கள் காதலில் பார்க்கத் தவறிய குடிப்பழக்கமோ கோபமோ அவர்கள் கண்ணில் பட்டிருக்கலாம். விவாகத்துக்கு வேதம் வைத்திருக்கும் எல்லை 1 கொரிந்தியர் 7:39-இல் இருக்கிறது: கர்த்தருக்குட்பட்டவராக இருக்கவேண்டும். சாதியை அந்த எல்லையோடு சேர்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஞாயிறன்று ஒரே பந்தியில் நற்கருணை எடுத்துவிட்டு, சாதி பார்த்து வரனைத் தள்ளிவிட்டு, அதற்குத் தேவ சித்தம் என்று பேர் வைப்பது அவருடைய நாமத்தை வீணிலே வழங்குவது. வரதட்சணை பேசி முடித்த பிறகு "ஆண்டவர் நடத்தினார்" என்று சாட்சி சொல்வதும் அப்படியே.

அவசரமாக ஓடிப்போய் முடிக்காதீர்கள். பெற்றோர் மதிக்கிற ஒருவரை நடுவில் உட்காரவைத்துப் பேசுங்கள், காலம் கொடுங்கள்.

உடம்பு சரியில்லைன்னா ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, ஜெபிச்சு மட்டும் இருக்கலாமா?

போங்கள், ஜெபித்துக்கொண்டே போங்கள். எசேக்கியாவைக் குணமாக்குவேன் என்று கர்த்தர் சொன்ன பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னான் (2 இராஜாக்கள் 20:7). சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மனநல மாத்திரைகளை யாருடைய வார்த்தையைக் கேட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குணமானதாக உணர்ந்தால் மருத்துவரிடம் பரிசோதித்து, அவர் சொன்ன பிறகு குறையுங்கள்.

தாவீது கடைசி காலத்துல ஜனத்தை எண்ணினான். எண்ணுறது என்ன பாவம்? இவ்வளவு கேட்டுக் கேட்டு நடந்தவன் ஏன் அங்க கேட்கலை?

எண்ணுவதே பாவமென்றால் மோசே எண்ணியிருக்கமாட்டான். 2 சாமுவேல் 24-இல் தாவீது இலக்கம் தெரியவேண்டும் என்று மட்டும் சொல்கிறான். எந்த யுத்தமும் நெருங்கியதாக அங்கே சொல்லப்படவில்லை. தாவீதின் படைத்தலைவன் யோவாப் எப்போதும் மென்மையானவன் இல்லை, அவனே "ஏன் இதை விரும்புகிறீர்" என்று தடுத்தான். ராஜாவின் வார்த்தை பலத்தது. ஒன்பது மாதமும் இருபது நாளும் எண்ணினார்கள். நிறுத்திக் கேட்பதற்கு அத்தனை நாள் இருந்தது. கையில் தொகை வந்த பிறகே இருதயம் வாதித்தது. கொள்ளைநோயில் 70,000 பேர் செத்தார்கள். ஜெயத்துக்குப் பிறகு அனுபவம் ஜெபத்தின் இடத்தைப் பிடிக்கும் என்று ரெப்பாயீமைப் பற்றிச் சொன்னது, கடைசியில் தாவீதுக்கே நடந்தது.

அன்று காத் தீர்க்கதரிசி வந்து, எபூசியனாகிய அர்வனாவின் களத்தில் பலிபீடம் கட்டச் சொன்னான். தாவீது போனான். அர்வனா களத்தையும் மாடுகளையும் விறகுக்கு ஏர் நுகங்களையும் சும்மாவே கொடுக்க முன்வந்தான். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை, 50 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினான், பலியிட்டான், வாதை நின்றது. பிற்பாடு சாலொமோன் ஆலயத்தைக் கட்டியது அதே களத்தின்மேல்தான் (2 நாளாகமம் 3:1).